சத்திரம், ஸ்டேஜ், எல்லை: சோழவரம் வடசாலையில் பேருந்துப் பயணத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம், சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களின் போக்குவரத்து வரலாற்றைப் பயணியின் நிலையிலிருந்து இக்கட்டுரை அணுகுகிறது. வண்டி எங்கே நிற்கிறது, கட்டணம் எங்கிருந்து எண்ணப்படுகிறது, எந்த நிர்வாகத்தின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பனவே சாலையோர ஊரின் பயண வாய்ப்பைத் தீர்மானித்தன என்பது இதன் கருத்து. 2021க்குப் பின் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத் திட்டத்தையும் இப்பின்புலத்தில் வைத்து நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: சோழவரம், செங்குன்றம், ஜி.என்.டி. சாலை, பேருந்து, ஸ்டேஜ், நாட்டுடைமை, மாநில எல்லை

முன்னுரை

தமிழகப் பேருந்து வரலாறு பெரும்பாலும் கழகங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1972 ஜனவரி 1இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், திருவள்ளுவர் எனக் கழகங்கள் பெருகின. 1997இல் அப்பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. இவ்வரலாறு பிழையானதன்று. ஆனால் வண்டியின் நெற்றியில் எழுதப்பட்ட பெயர் மாறியதைச் சொல்லும் அளவுக்கு, அவ்வண்டி ஓர் ஊரில் நின்றதா என்பதைச் சொல்வதில்லை. சாலையோரச் சிற்றூரின் பயணிக்கு முதற்கேள்வி அதுவேயாகும்.

இக்கேள்வியைச் சோதிக்கச் சோழவரம் தக்க இடம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகே அமைந்த இவ்வூருக்கு இரயில் நிலையம் இல்லை. மாநகரப் பேருந்தும், புறநகர்ப் பேருந்தும், ஆந்திர மாநிலப் பேருந்தும், தொழிற்சாலைகளின் ஒப்பந்தப் பேருந்தும் இவ்வழியே செல்கின்றன. இத்தனை வண்டிகள் கடந்து செல்லும் ஊரில் எத்தனை வண்டிகள் ஒருவருக்குப் பயன்படும் என்பது வேறு கணக்கு.

சத்திரங்களின் வழி

காரனோடையில் கொசஸ்தலை ஆற்றைக் கடந்தால் வருவது ஜனப்பன்சத்திரம். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை நோக்கிச் செல்லும் சாலை பிரியும் கூட்டுச்சாலையாக இன்று அது அறியப்படுகிறது. பேருந்தில் நடத்துநர் உரக்கச் சொல்லும் பெயர்களுள் அதுவும் ஒன்று. பெயரில் எஞ்சியிருக்கும் ‘சத்திரம்’ என்னும் சொல், பேருந்துக்கு முந்தைய பயண ஒழுங்கின் சான்றாகும். நடந்தும் மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் சென்றோர்க்குச் சாலையின் அளவை சத்திரமே. ஒரு பொழுதில் கடக்கத்தக்க தொலைவு, நீர்நிலை, சமைக்க இடம், இரவு தங்கக் கூரை ஆகியவற்றைக் கொண்டே வழி வகுக்கப்பட்டது.

அவ்வொழுங்கை நேரில் கண்டு எழுதியவர்களுள் சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி குறிப்பிடத்தக்கவர். 1830 மே 18இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாக்பூர் வழியாகக் காசி சென்ற அவர், கல்கத்தா, பூரி, நெல்லூர் வழியாக 1831 செப்டம்பரில் திரும்பினார். தெலுங்கில் எழுதப்பட்டு 1838இல் அச்சேறிய அவருடைய காசி யாத்திரை நூல், ஒவ்வொரு தங்கலிலும் சத்திரம் உண்டா, கடை உண்டா, நீர் நல்லதா, வழி மணலா சேறா எனக் குறித்துக்கொண்டே செல்கிறது. சென்னைக்கு வடக்கே உள்ள சாலைகளின் பயண வரலாற்றை எழுதுவோர் இந்நூலைத் தெலுங்கு இலக்கியத்தாரிடம் மட்டும் விட்டுவைத்திருப்பது நமக்கு இழப்பே. சத்திரம் பயணிக்குத் தந்தது, எவ்வழிப்போக்கனும் நிற்கலாம் என்னும் உறுதி. பின்னர் வந்த எந்த வாகனமும் அவ்வுறுதியை அதே அளவில் தரவில்லை.

இருப்புப்பாதை விலகிய ஊர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையையும் கூடூரையும் இணைத்த இருப்புப்பாதை, சாலைக்குக் கிழக்கே மீஞ்சூர், பொன்னேரி வழியாகச் சென்று கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய இடங்களில் சாலையை நெருங்கியது. செங்குன்றமும் சோழவரமும் அதற்கு வெளியே நின்றன. பொன்னேரி வட்டத் தலைமையிடமாக இருந்தமையால் நீதிமன்றத்துக்கும் பத்திரப்பதிவுக்கும் அங்கே செல்ல வேண்டிய சோழவரத்தார்க்கு இரயில் பயன்படவில்லை. இரயில் ஏறுவதற்கே அவர்கள் பொன்னேரி வரை செல்ல வேண்டும்.

இதன் விளைவு பிற்காலத்தில் தெளிவாகிறது. இன்று சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் சூலூர்ப்பேட்டைக்கும் மின்தொடர் வண்டிகள் ஓடுகின்றன. ஆகவே தொலைவில் இருக்கும் கும்மிடிப்பூண்டிக்குத் தலைநகரத்துடன் இரட்டைத் தொடர்பு உண்டு. அண்மையில் இருக்கும் சோழவரத்துக்கு ஒற்றைத் தொடர்பே. பேருந்து நின்றுவிடும் நாள்களில், அதாவது வேலைநிறுத்தத்திலும் பெருமழையிலும், இவ்வேறுபாடு அனைவர்க்கும் கண்கூடாகிறது.

கரிவாயுப் பேருந்தும் விமானத் தளமும்

சென்னை மாகாணத்தில் மோட்டார்ப் பேருந்துத் தொழில் தனியார் முயற்சியாகவே வளர்ந்தது. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய தொழில் அதன் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. சென்னை நகருக்குள் 1895 முதல் மின் டிராம் ஓடியமையால் பேருந்து அங்கே இரண்டாமிடத்தில் இருந்தது. டிராம் எட்டாத வடபுறச் சாலைகளில் போட்டி ஏதுமில்லாத ஒரே பொது வாகனம் பேருந்துதான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. பின்புறத்தில் உலை பொருத்தி, மரக்கரியை எரித்து எழும் வாயுவால் இயங்கும் பேருந்துகள் மாகாணமெங்கும் ஓடின. மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே போர்க்காலத்தில்தான் சோழவரத்தில் விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. வானூர்தி இறங்கும் ஊரில் பேருந்து கரியில் ஓடியது என்பதைக் காலத்தின் முரண் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட இயலாது. எரிபொருள் யாருக்கு முதலில் என்னும் அரசின் வரிசைமுறை அதில் தெரிகிறது.

போருக்குப் பின் அத்தளம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களால் இந்திய அளவில் பெயர் பெற்றது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத்தளம் வரும்வரை ‘சோழவரம்’ என்றாலே வெளியூரார்க்கு வேகம் நினைவுக்கு வந்தது. ஊரின் பெயர் ஆங்கில நாளேடுகளின் விளையாட்டுப் பக்கத்தில் இடம்பெற்ற அளவுக்கு, அவ்வூரார் எவ்வாறு நகரம் சென்று திரும்பினர் என்பது எங்கும் பதிவு பெறவில்லை.

ஸ்டேஜ் என்னும் அளவை

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பேருந்தை ‘ஸ்டேஜ் கேரியேஜ்’ என்று வகைப்படுத்தியது. 1988ஆம் ஆண்டின் சட்டமும் அச்சொல்லைத் தொடர்கிறது. தனித்தனிப் பயணிகளிடம், முழு வழிக்கோ வழியின் கட்டங்களுக்கோ, தனித்தனிக் கட்டணம் பெற்று ஓடும் வண்டி என்பது அதன் பொருள். குதிரைவண்டிக் காலத்து ஆங்கிலச் சொல் இவ்வாறு தமிழ்நாட்டு நடத்துநரின் அன்றாட மொழியில் குடியேறியது. ‘இது ஸ்டேஜ் இல்லை’, ‘ஸ்டேஜுக்கு முன்னால் டிக்கெட் வாங்குங்கள்’, ‘இன்வாய்ஸ் போட வேண்டும்’ என்பன அம்மொழியின் இயல்பான தொடர்கள்.

ஸ்டேஜ் என்பது நிறுத்தம் அன்று. இவ்வேறுபாட்டைப் பல ஆய்வுகள் கவனிப்பதில்லை. நிறுத்தம் வண்டி நிற்கும் இடம். ஸ்டேஜ் கட்டணம் எண்ணப்படும் இடம். இரண்டு ஸ்டேஜ்களுக்கு இடையே ஏறுபவர் முந்தைய ஸ்டேஜிலிருந்து கட்டணம் செலுத்துகிறார். இடையே இறங்குபவர் அடுத்த ஸ்டேஜ் வரை செலுத்துகிறார். தன் ஊர் ஸ்டேஜாக அறிவிக்கப்படாதவர் நாள்தோறும் தாம் பயணம் செய்யாத தொலைவுக்கும் பணம் தருகிறார் என்பது இதன் பொருள். எனவேதான் ‘எங்கள் ஊரை ஸ்டேஜாக அறிவிக்க வேண்டும்’ என்னும் கோரிக்கை மனுக்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இத்தனை பரவலாக எழுந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றும் இம்மனு, உண்மையில் ஊரின் இடத்தைச் சாலையின் கணக்கில் ஏற்றும் முயற்சி. சத்திரக் காலத்தில் ஊருக்கு இருந்த தகுதியை அடுத்த காலத்தின் மொழியில் மீளக் கேட்பது என்றும் அதனைக் கொள்ளலாம்.

இவ்வாய்வுக்குரிய மூலங்கள் நூலகத்தில் மட்டும் இல்லை. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி வழித்தட உரிமம் கோரும் விண்ணப்பங்கள் வெளியிடப்பட்டு, அவற்றின்மீது கருத்துகளும் மறுப்புகளும் பெறப்பட்டன. அதே தடத்தில் ஏற்கெனவே வண்டி ஓட்டியவர் மறுப்புத் தெரிவித்தார். உள்ளாட்சி அமைப்பு கருத்துச் சொன்னது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரக்குழு விசாரித்தது. எந்த ஊருக்கு எந்த நேரத்தில் வண்டி வேண்டும், ஏன் வேண்டும் என மக்கள் சொல்லும் குரல் இவ்வாவணங்களில் பதிவாகும். கல்வெட்டையும் ஓலையையும் படித்த பயிற்சியுடன் இத்தகைய நிர்வாகத் தாள்களையும் படிக்க நாம் பழக வேண்டும்.

உடைமையாக்கமும் இரு நிர்வாகங்களும்

1947இல் 30 பேருந்துகளுடன் சென்னை நகரில் அரசுப் பேருந்து தொடங்கியது. அடுத்த ஆண்டில் நகரப் பேருந்துகள் நாட்டுடைமையாயின. நகருக்கு வெளியே தனியார் தொடர்ந்தனர். நகரத்துப் பயணிக்கு அரசு வண்டி, வெளியூர்ப் பயணிக்குத் தனியார் வண்டி என்னும் பிரிவினை இங்கேதான் வேரூன்றியது. 1956இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட நான்கு-ஏ அத்தியாயம், வழித்தடங்களை அரசு முழுமையாக ஏற்க வழிவகுத்தது. 1971இல் இயற்றப்பட்ட சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பேருந்துகளை வைத்திருந்த பெருநிறுவனங்களைக் கையகப்படுத்தியது. அதனைத் தொடர்ந்து கழகங்கள் உருவாயின.

உடைமை மாறியபோதும் ‘டவுன் பஸ்’, ‘மொபசல் பஸ்’ என்னும் கோடு அழியவில்லை. நகரப் பேருந்து நிறுத்தந்தோறும் நிற்கும். கட்டணம் ஸ்டேஜ்களின் எண்ணிக்கையால் அமையும். புறநகர்ப் பேருந்து தேர்ந்த இடங்களில் நிற்கும்; கட்டணம் கிலோமீட்டரால் அமையும். 2018 ஜனவரியில் கட்டணம் உயர்த்தப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் ஓரளவு குறைக்கப்பட்டபோது சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு என வகுக்கப்பட்டது. ஒரே சாலை, ஒரே தொலைவு. ஏறும் வண்டியின் வகையைப் பொறுத்துக் கட்டணமும் நிற்கும் இடமும் வேறுபடும்.

சோழவரம் இக்கோட்டின் மேலேயே அமைந்தது. தெற்கே மாநகர் போக்குவரத்துக் கழகம். வடக்கேயும் மேற்கேயும் அரசுப் போக்குவரத்துக் கழக விழுப்புரம் கோட்டத்தின் திருவள்ளூர் மண்டலம். 1997 ஜூலை 1இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது புதிய முரண் ஒன்றும் சேர்ந்தது. சோழவரத்தாரின் மாவட்டத் தலைநகர் மேற்கே திருவள்ளூர். அவர்களுடைய பேருந்துகளோ பெரும்பாலும் தெற்கே சென்னைக்கு. ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கச் செல்பவர் செங்குன்றத்திலேனும் பெரியபாளையத்திலேனும் வண்டி மாறுவது வழக்கமாயிற்று.

செங்குன்றத்தில் இறங்குதல்

இவ்வட்டாரத்தில் பேருந்தில் சுற்றிவரும் பயணி, தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், செங்குன்றத்தில் ஒருமுறை இறங்குவார். வள்ளலார் நகரிலிருந்து வரும் 57ஆம் எண் தடமும் கோயம்பேட்டிலிருந்து வரும் 114ஆம் எண் தடமும் அங்கே சேர்கின்றன. அங்கிருந்து காரனோடைக்கு ஒன்று, பெரியபாளையத்துக்கு ஒன்று, பொன்னேரிக்கு ஒன்று என வண்டிகள் பிரிகின்றன. நெல் மண்டிகளாலும் அரிசி ஆலைகளாலும் பெயர்பெற்ற ஊர், பயண மாறுதலின் ஊராகவும் ஆனது. ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கும், செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகன் கோயிலுக்கும் செல்லும் கூட்டத்தைக் கண்டவர்கள் இச்சாலையின் நேர அட்டவணையை வகுப்பதில் பஞ்சாங்கத்துக்கும் பங்குண்டு என்பதை ஒப்புவர்.

நெடுந்தொலைவுப் பயணியின் கதை வேறு. திருப்பதி, நெல்லூர் பேருந்துகள் முன்பு பாரிமுனையிலிருந்து புறப்பட்டன. 2002இல் கோயம்பேட்டுக்கும், 2018 அக்டோபரில் மாதவரத்துக்கும் மாறின. மாதவரம் வடசாலைக்கு அண்மையது என்பதால் வடக்கே செல்வோர்க்கு நகர நெரிசல் குறைந்தது. ஆனால் 2023 டிசம்பர் 30இல் தென்மாவட்டப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பின், நெல்லூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் ஒருவர் சென்னையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல இன்னொரு பயணத்தை மேற்கொள்ள வேண்டியதாயிற்று. முனையங்கள் புறநகருக்கு நகர நகர, இணைப்புப் பயணத்தின் சுமை மூட்டையும் குழந்தையும் உடையவர் தோளில் ஏறுகிறது.

சாலையும் மாறியது. தேசிய நெடுஞ்சாலை 5 என்றிருந்தது 2010இல் 16 ஆயிற்று. சென்னை–தடா பகுதி ஆறு வழியாக விரிந்தது. நல்லூரில் சுங்கச்சாவடி வந்தது. சந்திகளில் மேம்பாலங்கள் எழுந்தன. விரைவுப் பேருந்து மேம்பாலத்தின் மேல் செல்லும். பயணி கீழே அணுகுசாலையில் நிற்பார். சாலை அகன்றதனால் ஊர் சாலையிலிருந்து விலகியது. சாலையின் மறுபக்கத்துக்குச் செல்வதே ஒரு பயணமாகிவிட்ட இடங்கள் இவ்வழியில் உண்டு.

எல்லையைக் கடக்கும் வண்டி

கும்மிடிப்பூண்டியையும் எளாவூரையும் தாண்டி ஆரம்பாக்கத்தில் தமிழ்நாடு முடிகிறது. தடாவில் ஆந்திரம் தொடங்குகிறது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி தமிழகம் சேர்ந்தது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரம் சென்றன. சத்தியவேடு அவற்றுள் ஒன்று. அதுவரை ஒரே வட்டத்துக்குள் நடந்த பயணம் மாநிலங்களுக்கிடையேயான பயணமாயிற்று. சந்தைக்கும் திருமணத்துக்கும் சென்றோரின் திசை மாறவில்லை. வண்டியின் உரிமம் மட்டும் மாறியது. இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒவ்வொரு தடத்திலும் எத்தனை வண்டி, எத்தனை நடை, எத்தனை கிலோமீட்டர் எனச் சமன்செய்த பின்னரே பேருந்து எல்லை கடக்க இயலும்.

தொழில்மயம் இவ்வெல்லையில் புதிய பயணிகளை உருவாக்கியது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகமும், 2008 முதல் சத்தியவேடு, தடா அருகே ஸ்ரீசிட்டியும் வளர்ந்தன. ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையினராய் வேலை செய்கின்றனர். அவர்களை ஊர் ஊராகச் சென்று ஏற்றி வருபவை நிறுவனங்கள் அமர்த்திய ஒப்பந்தப் பேருந்துகள். சட்டத்தின் மொழியில் அவை ஸ்டேஜ் கேரியேஜ் அல்ல; சாலையில் நிற்கும் பிறரை ஏற்ற அவற்றுக்கு உரிமை இல்லை. அதிகாலையில் சோழவரம் வழியே செல்லும் வண்டிகளில் ஒரு பகுதி இவ்வாறு ஊரைப் பொறுத்தவரை காணும் வண்டியாக மட்டுமே இருக்கிறது.

கட்டணமில்லாப் பயணமும் அதன் எல்லையும்

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் அடுத்துச் சேர்க்கப்பட்டனர். 2022 ஆகஸ்டு முதல் இவ்வண்டிகளை அடையாளம் காட்ட முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. விடியல் பயணம் எனப் பெயர் பெற்ற இத்திட்டத்தைப் பற்றிய ஆய்வுகள் சேமிப்பு, வேலைவாய்ப்பு, நடமாட்டச் சுதந்திரம் ஆகியவற்றை அளக்கின்றன. வரலாற்று நோக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. 1940களில் நிர்வாக வசதிக்காக இடப்பட்ட நகரம், மொபசல் என்னும் கோடு இத்திட்டத்தால் முதன்முறையாக உரிமையின் கோடாக ஆகிவிட்டது.

சோழவரத்துப் பெண் ஒருவர் தெற்கே செங்குன்றம் வழியாகச் சென்னைக்குச் சாதாரண மாநகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். அவரே வடக்கே சூலூர்ப்பேட்டைக்கு மாநிலங்களுக்கிடையேயான வண்டியில் ஏறினால் முழுக்கட்டணம் செலுத்த வேண்டும். ஆந்திரத்திலும் 2025 ஆகஸ்டு 15 முதல் ‘ஸ்திரீ சக்தி’ என்னும் பெயரில் அம்மாநிலப் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. அதிலும் மாநிலங்களுக்கிடையேயான பேருந்துகள் சேரவில்லை. ஆரம்பாக்கம் வரை ஒரு மாநிலத்தின் சலுகை. தடாவிலிருந்து மற்றொரு மாநிலத்தின் சலுகை. இடையிலுள்ள சில கிலோமீட்டருக்கு இரண்டும் பொருந்தா. உறவும் வேலையும் எல்லையின் இருபுறமும் உள்ள ஒரு வட்டாரத்தில் இது சிறு செய்தியன்று.

இதற்கு விடை, சலுகையை எல்லா வண்டிக்கும் விரித்துவிடுவதில் மட்டும் இருப்பதாக இக்கட்டுரையாளர் கருதவில்லை. சாதாரணக் கட்டண வண்டிகளின் நடைகள் எந்தத் தடத்தில் கூட்டப்படுகின்றன, எதில் குறைக்கப்படுகின்றன என்பதே ஊரளவில் உரிமையைத் தீர்மானிக்கிறது. சலுகை காகிதத்தில் இருந்து, அதற்குரிய வண்டி இரண்டு மணிக்கொருமுறை வருமாயின், வேலைக்குச் செல்பவர் காத்திராமல் கட்டண வண்டியிலோ பங்கு ஆட்டோவிலோ ஏறிவிடுவார். சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிவாக்கப்பட்டுத் திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அதனுள் வந்துள்ளது. நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் நகரமாகிவிட்ட ஊர்கள் பேருந்துக் கணக்கில் இன்னும் மொபசலாகவே நீடிப்பதை ஆராய இது தக்க தருணம். தச்சூர் கூட்டுச்சாலையிலும் கவரைப்பேட்டையிலும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை எவ்வகை வண்டி எத்தனை முறை நிற்கிறது என ஒரு வாரம் எண்ணிக் குறித்தாலே போதும். எந்தக் கழகத்தின் ஆண்டறிக்கையும் தராத தரவு அதில் கிடைக்கும்.